ஆறு வயது சைஸ்

12.5.06, வெள்ளி

காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. பூங்கா வேலை முக்கால்வாசி முடிந்தது. பாக்கி: குடிநீர்க் குழாய், அம்மாக்கள் உட்கார வேப்பமரத்தைச் சுற்றித் திண்டு, வயசானவர்கள் நடக்க வட்டப்பாதை, ஊஞ்சலுக்கு அடியில் மணல். பெரிய சறுக்குமரம் இன்று நிறுத்தியாகிவிட்டது.

வெல்டர் தங்கராசு ஏணியைக் காட்டி, "படிக்குப் படி தூரமா இருக்குதுங்களே சார். சின்னப் புள்ளைக்குக் காலு எட்டுங்களா?" என்றார்.

"டிராயிங்குல இருக்கறதைச் செய்யுங்க" என்றேன்.

அளவெல்லாம் குத்துமதிப்பாகப் போட்டதல்ல. மச்சினன் சிவா எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவன். பிள்ளைத் துணிக்கு ஜெர்மனிக்காரன் அனுப்பிய அளவுச் சீட்டை அவனிடம் வாங்கித்தான் படி, கைப்பிடி, ஊஞ்சல் எல்லாம் போட்டேன். ஆறு வயது என்றால் உயரம் 116 செ.மீ. கை இவ்வளவு, கால் இவ்வளவு. ஊரில் வேறு எந்த இன்ஜினியருக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று கொஞ்சம் கர்வம்.

மாலை சேர்மன் வந்தார். பூங்காவைக் கட்டித் தருவது அவருடைய பனியன் கம்பெனிதான். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஃபாரின்ல பார்த்த மாதிரியே இருக்குதுங்க தம்பி" என்றார். ராத்திரி சாப்பிடும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறக்கக்கூடாதது: பாப்பாவுக்குச் செருப்பு.

14.5.06, ஞாயிறு

வெள்ளோட்டம். சேர்மன் கம்பெனி வேனில் தொழிலாளிகளின் பிள்ளைகள், அம்மாக்களோடு. போட்டோகிராபர், பலூன், ஆளுக்கொரு ரஸ்னா.

பெரிய சறுக்குமரம் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஒரு பெண் பிள்ளை, மஞ்சள் கவுன், கடைசிப் படிவரை ஏறிவிட்டது. கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. எட்டவில்லை. விழுந்ததில் தாடை படியில் இடித்துக் கிழிந்துவிட்டது. மணலில் ரத்தம்.

ஓடிப்போனேன். பிள்ளையைத் தூக்கவில்லை. அம்மாக்காரியைப் பார்த்துக் கத்தினேன். "நாலு வயசுப் புள்ளைய இதுல ஏத்தலாமாம்மா? அறிவு வேண்டாமா?" பூங்கா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் பெயர் சரசு. கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்கில் வேலை. முந்தானையால் தாடையை அழுத்திக்கொண்டே, "ஏழு முடியப் போகுதுங்க சார்" என்றாள். மெதுவாக. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எனக்குக் கேட்டது. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

15.5.06, திங்கள்

மூன்று தையலாம். பிள்ளை பெயர் பவித்ரா.

சேர்மன் ஆபீசிலிருந்து போன். என்ன நடந்தது, யார் தவறு, எழுத்தில் வேண்டும். எழுதிக் கொடுத்தேன். 'சுமார் நான்கு வயதுடைய குழந்தை... தாயின் கவனக்குறைவால்...' 'சுமார்' என்று போட்டால் பொய் பாதியாகக் குறையும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கையெழுத்து மட்டும் அழகாக விழுந்தது.

மதியம் தயிர்சாதம் மட்டும்.

பலகை ஒன்று வைக்கிறார்கள். 'ஆறு வயதுக்கு உட்பட்டோர் ஏறக்கூடாது. மீறினால் பெற்றோரே பொறுப்பு.' வாசகம் அடியேனுடையது.

16.5.06, செவ்வாய்

மழை வருகிறாற்போல் இருந்தது. வரவில்லை. வசந்தி காதர்பேட்டைத் துணிக்கடைகளுக்குப் போய்ப் பாப்பாவுக்கு இரண்டு கவுன் எடுத்து வந்தாள். ஆர்டரில் மிஞ்சிய எக்ஸ்போர்ட் பீஸ். கழுத்துப் பட்டையில் '4' என்று இருந்தது. பாப்பாவுக்கு ஆறு முடிந்துவிட்டது.

"சைஸ் மாத்தி எடுத்துட்டியா?"

"எக்ஸ்போர்ட் பீஸ்ல நம்ம புள்ளைக்கு நாலுதானுங்க. ஆறு எடுத்தா தரையைக் கூட்டும். எப்பவும் அப்படித்தானே எடுக்கறோம்."

இன்ச் டேப்பை எடுத்துப் பாப்பாவைச் சுவரோரம் நிறுத்தினேன். 108. பாலும் முட்டையுமாக வளர்கிற பிள்ளையே 108. இரண்டு முறை அளந்தேன். லைன் வீட்டில் ரேஷன் அரிசியில் வளர்கிற பவித்ரா இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

துணி எடுக்கப் போகிற பொம்பளைகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். துணி தைக்கிற ஊர்க்காரனான எனக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஜெர்மன்காரன் பிள்ளைக்குப் பூங்கா கட்டியிருக்கிறேன். வெட்கக்கேடு.

"எதுக்குங்க திடீர்னு அளக்கறீங்க?"

சும்மா என்றேன்.

17.5.06, புதன்

கா. 11, சேர்மன் ஆபீஸ். பைக்கில் போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அளவு தவறு, தவறு என்னுடையது, அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சரிங்க தம்பி. படியைக் கிட்டக் கிட்டப் போட்டு, கைப்பிடியை இறக்கிருங்க. எழுதிக் கொடுத்தது அப்படியே கிடக்கட்டும். அதைக் கிளறுனா நம்ம ரெண்டு பேருக்குமே நல்லா இருக்காதுங்க."

"அந்தம்மாவை..."

"வேலைய உட்டு நிறுத்தலீங்களே. சூப்பர்வைசர் அன்னிக்கு ஆஸ்பத்திரிலயே நாலு வார்த்தை திட்டுனதோட சரி."

டீ கொடுத்தார். வேண்டாம் என்று எழுந்திருக்கலாம். குடித்தேன்.

மதியம் தங்கராசு படிகளை அறுத்து மறுபடி பற்றவைத்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

19.5.06, வெள்ளி

சரசு இந்த வாரம் முழுக்க லீவாம். பிள்ளைக்கு வலி நிற்கவில்லை என்று கம்பெனி கேட்டில் சொன்னார்கள். விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். லைன் வீடு, ஆறாவது கதவு. கையில் ஆரஞ்சு. தாடையில் தையல் போட்ட பிள்ளை அதை எப்படித் தின்னும் என்று வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

"உள்ள வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பவித்ரா பாயில், கன்னம் வீங்கி. நாலைந்து நாளாக ராத்திரி தூக்கமே இல்லையாம். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வயது: 4.

"இது யாருங்க சொன்னது?"

"நீங்கதானுங்க அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னால நாலுன்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரில சூப்பர்வைசர் கூடவே நின்னாருங்க. நான் போயி ஏழுன்னா உங்களுக்குச் சங்கடமாப் போயிருமேன்னு நாலுன்னே எழுதச் சொல்லிட்டனுங்க."

வலி மருந்து வேளைக்கு அரை மூடி. நாலு வயதுக்கான அளவு.

"கிளம்புங்க, இப்பவே போய் மாத்திச் சொல்லிரலாம்" என்றேன். ஆட்டோவில் மூன்று பேரும். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்தேன்: தப்பு என்னுதுங்க சிஸ்டர், நான்தான் நாலுன்னேன்.

நர்ஸ் சீட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "ஏழு வயசுப் புள்ளைக்கு நாலுன்னு யாரும்மா சொன்னது? பெத்தவளுக்கே வயசு தெரியாதா?" வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான்தானுங்க. பயத்துல தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள் சரசு. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நர்ஸ் என்னைப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"சும்மா கூட வந்தேனுங்க" என்றேன்.