காமாலை என்று சொல்லிவைத்தது

13-9-1982
தபால் குறைவு. மூன்று மணிக்கே பை காலி. போஸ்ட்மாஸ்டர் சங்கரநயினார் ஒரு நோட்டீஸை நீட்டினார். புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காகக் காந்தி ஜெயந்தியன்று சைக்கிள் பயணம். இங்கிருந்து புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூர் போய்த் திரும்ப வேண்டும்.

"நல்லகண்ணு, இருவது வருசமா சர்க்காருக்கு மிதிக்கீரு. ஒரு நாளு தருமத்துக்கு மிதியும்வே" என்றார்.

பெயர் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். வீட்டுக்காரி இசக்கித்தாய் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஊரைப் பொறுத்தவரை அவள் மஞ்சள் காமாலையில் போனாள். மார்பில் வந்த புற்று என்று எனக்கும் மகள் கோமதிக்கும் மட்டும்தான் தெரியும். தாய்க்கு வந்தது பெண்ணுக்கும் வரும் என்பார்கள். அப்புறம் யார் பெண் கேட்டு வருவார்கள்?

15-9
கோமதியிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"வாசுதேவநல்லூருக்காப்பா? வேற ஊரே கெடைக்கலையா?"

அவளைப் பார்த்துப் போயிருக்கும் மாப்பிள்ளை ஆறுமுகச்சாமி அந்த ஊர்தான். அவன் தாயார் பிச்சம்மாளுக்கு இவளை ரொம்பப் பிடித்துவிட்டது. தீபாவளி கழித்துப் பூ வைக்கலாம் என்றிருக்கிறார்கள்.

"எதுக்கு ஓட்டுதீயன்னு கேட்டா?"

"தருமத்துக்குன்னு சொல்லுதேன்."

"அதோட நிறுத்திக்கிடுங்க."

19-9
உண்டியலோடு தெருத்தெருவாகப் போனேன். புற்று என்றதும் பாதிப் பேர் கோவில் புற்று என்று நினைத்துக் கும்பிட்டுக் காசு போடுகிறார்கள். எதிர்வீட்டு உச்சிமாகாளி, "அப்படியே கொஞ்சம் புத்துமண்ணு கொண்டாந்து தாரும், முட்டு வலிக்கி" என்கிறார். நான் திருத்தவில்லை. திருத்தினால் நோயைப் பற்றிப் பேச வேண்டும்.

இசக்கித்தாயும் அந்த மண்ணைத்தான் ஆறு மாதம் குழைத்துப் பூசியிருக்கிறாள். கட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டதற்கு, "இதப் போயி எப்படிச் சொல்லுதது" என்றாள். சாமி மேல் எனக்கு வருத்தமில்லை. ஊரெல்லாம் சேதி கொண்டுபோகிறவனுக்கு வீட்டுச் சேதி தெரியவில்லையே, அதுதான்.

26-9
சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டேன். கேரியரைக் கழற்றினால் பாரம் குறையும். ஸ்பானரை எடுத்தேன், மனசு வரவில்லை.

கல்யாணமான புதிதில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க இவளை இதில் வைத்துத்தான் கூட்டிப்போனேன். ஓடுகிற சைக்கிளில் தாவி ஏறத் தெரியாது. நான் காலூன்றி நிற்க வேண்டும். புடவையைச் சரிசெய்து உட்கார்ந்து, "ம்" என்பாள். அதற்கு அப்புறம்தான் மிதிக்கலாம்.

"எல்லாவளும் ஓடி ஏறுதாளுவ, ஒனக்கு என்னட்டி?" என்று கத்துவேன்.

"நீங்கதான் நிப்பீயள்லா" என்பாள்.

எத்தனை தடவை கத்தியிருப்பேன். இப்போது நாள் முழுக்க நிற்கத் தயார்.

1-10
மேகம் போட்டிருக்கிறது. பெருமழை வந்து பயணம் நின்றால் நல்லது என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

2-10
நாற்பத்தொரு சைக்கிள். புளியங்குடியில் எலுமிச்சை சர்பத் கொடுத்தார்கள். அது தாண்டினால் மலை கூடவே வரும். இசக்கித்தாய்க்கு அந்த மலையைப் பிடிக்கும். பஸ்ஸில் போனால் ஜன்னலோர இடத்துக்கு என்னோடு சண்டை போடுவாள்.

வாசுதேவநல்லூரில் மேடை. கூட்டத்தில் பிச்சம்மாள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விழாக் குழுக்காரர் ஒருவர் மைக்கில், "இது பட்டணத்து நோய். நம்ம பக்கம் கிடையாது. இருந்தாலும் நாமும் உதவுவோம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

கிடையாதா? அப்போ எம் பொஞ்சாதி எதுல போனா?

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. "நம்ம பக்கமும் உண்டு. எம் வீட்டுக்காரி இசக்கித்தாய் இதுலதான் போனா. காமாலைன்னு நான் சொன்னது பொய்யி. கட்டி இருந்தா மறைக்காதீய" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிச்சம்மாள் எழுந்து போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது மிதிக்கேன், மிதிக்கேன், ஊரு வரவே மாட்டேங்கு. கோமதிகிட்ட என்ன சொல்லுவேன்—

3-10
சொன்னேன். கையிலிருந்த கரண்டியை எறிந்தாள். "ரெண்டு பேரும் சேந்துதான பொய் சொன்னோம்? நீங்க ஒத்தையில ஒடைச்சிட்டு வந்துட்டீயளே."

அவள் சொன்னது நியாயம்.

9-10
வாசுதேவநல்லூரிலிருந்து கடிதம் இல்லை. தினமும் தபால் கட்டைப் பிரித்ததும் அந்த ஊர் முத்திரையைத்தான் தேடுகிறேன். கோமதி சோறு வைக்கிறாள், பேசுவதில்லை.

14-10
மத்தியானம் பிச்சம்மாள் வந்தார்கள், தனியாக. வேண்டாம் என்று சொல்லத்தான் என்று நினைத்தேன். நேரில் வந்து சொல்வதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும். கோமதி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்கள்.

"மதினிக்கு மொதல்ல எப்படி இருந்துச்சு அண்ணாச்சி? வலிச்சுதா?"

"வலியே இல்ல. சின்னக் கட்டி, அவ்வளவுதான்."

"எனக்கும் வலியில்ல" என்றார்கள். "ஆறுமுகத்துக்குக்கூடத் தெரியாது."

கோமதி உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கன இருக்கு அத்தை?" என்று கேட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

18-10
மதுரை. காலையிலிருந்து பிச்சம்மாளும் கோமதியும் நானும் ஆஸ்பத்திரி பெஞ்சில். ஆறுமுகச்சாமி மருந்துச் சீட்டோடு ஓடிக்கொண்டிருந்தான். பையன் பாதியாகிவிட்டான். இன்னும் முற்றவில்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் இசக்கித்தாயை நினைத்து அழுதேன், எல்லார் முன்னாலும்.

படுக்கைக்குப் பெயர் எழுதும்போது, கூட இருக்கப்போவது யார் என்று நர்ஸ் கேட்டாள்.

பிச்சம்மாள் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மருமவ" என்றார்கள்.