வேலைக்காக ஒரு பூசை

நோர்பரி, லண்டன்
5 ஒக்டோபர் 2025

அன்புள்ள என் இஞ்சரப்பாவுக்கு,

மடு மாதா கிருபையால் காய்ச்சல் விட்டு எழும்பிவிட்டேன். போனில் கதைத்தால் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். கோபிக்கக்கூடாது. சீனக்காரனின் கரண்ட் கார் ஒன்று எடுத்திருக்கிறேன். கார்த் தொழிற்சாலையில் நிற்கிறவரின் பெண்சாதி செய்கிற வேலையா என்று கத்துவீர்கள். உங்கள் கம்பனிக் கார் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாதப்பா.

விடிய வேலைக்குப் போகையில் பனிப்புகார் மூடியிருக்கும். கார் ஒரு சத்தமும் போடாது. லண்டன் ரோட்டு லைட்டுகள் மஞ்சளாய்க் கரைந்து கரைந்து வரும். கார் ஓடுகிறேனா, படுக்கையில் கிடந்து கனாக் காண்கிறேனா என்றே தெரியாது. நேற்று நீங்கள் பக்கத்துச் சீற்றில் நித்திரை என்ற எண்ணத்தில் மெதுவாகப் பிரேக் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் என் ஹாண்ட்பாக். அழுதுவிட்டேன்.

எங்கள் மகள் றொசானாவின் இங்கிலிஷ் படிப்புக்காகத்தானே ஜேர்மனியை விட்டு அவளோடு இங்கே வந்தேன்? பிள்ளை படித்து முடித்து எடின்பரோவில் வேலைக்கும் போய்விட்டாள். "இன்னும் ஒரு வருசம்" என்று எத்தனை தரம் சொல்லிவிட்டீர்கள். எப்போது வருவீர்கள்?

உங்கள் சாந்தி


ஜேர்மனி
19 ஒக்டோபர் 2025

அன்பின் சாந்திக்கு,

நீர் சுகமானது பெரிய நிம்மதி. ஆனாலும் எங்கள் வயிற்றில் அடிக்கிறவனின் காரைத்தானா வாங்கவேணும்? சரி, விடும்.

நான் கார்களுக்குக் கதவு பூட்டுகிற லைனில் இரவு ஷிப்டை நிற்பாட்டிவிட்டார்கள். விலைப்படாத கார்கள் முற்றம் முழுக்க மழையில் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே நடந்தால் எல்லாரும் நித்திரையாகிப்போன ஊருக்குள் நடப்பதுபோல் இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற பெடியள் சொல்கிறார்கள், "யேசு அண்ணை, வாற வருசம் பூட்டுப் போட்டிடுவாங்கள்."

மூடினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உம்மிடம்தான் வருவேன். வேறு எங்கே போக? மூடாவிட்டால் விட்டுவிட்டு வர மனம் கேட்காது. இந்த லைனில்தான் நான் மனுசனானேன், சாந்தி. எனக்காக வேண்டிக்கொள்ளும்.

யேசுரட்ணம்

பி.கு: அந்தக் காரின் கதவைச் சாத்தினால் எப்படிச் சத்தம் கேட்கிறது?


நோர்பரி
2 நவம்பர் 2025

அன்புள்ள இஞ்சரப்பாவுக்கு,

கதவு நல்ல அழகாகத்தான் சாத்துகிறது. உங்களுக்குச் சொல்லவே மனமில்லை.

உங்கள் வேலை விஷயமாகக் கோவிலில் பூசைக்குக் காசு கொடுத்துவிட்டேன். போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் சுவாமி அந்த மன்றாட்டை வாசித்தார். வீட்டுக்கு வந்து அலுமாரியில் பாதியை வெறுமையாக்கினேன். உங்கள் சேட்டுகள் அதில் தொங்குவதுபோலவே தெரிகிறது. கதவைத் திறந்து திறந்து பார்க்கிறேன். எனக்கு விசர் என்று சிரிக்கப்போகிறீர்கள்.

உங்கள் சாந்தி


ஜேர்மனி
30 நவம்பர் 2025

என் சாந்திக்கு,

உம்முடைய மன்றாட்டு பலித்துவிட்டது! சீனக் கம்பனி ஒன்று எங்கள் தொழிற்சாலையில் பாதியை எடுக்கிறது. உம்முடைய காரின் தம்பிமாரை இனி நாங்கள்தான் செய்யப்போகிறோம். கனபேரை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். ஆனால் என்னைப் பென்சன் வரைக்கும் வைத்திருக்கிறார்களாம். மனேஜர் கை தந்தபோது கண் கலங்கிவிட்டது. எனக்கு இன்னும் நிலத்தில் கால் படவில்லை.

நீர் கொடுத்த பூசைதான் என்னைக் காப்பாற்றியது. நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் லீவில் வருகிறேன். ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சி வையும்.

உம்முடைய யேசுரட்ணம்


நோர்பரி
7 டிசம்பர் 2025

அன்புள்ள இஞ்சரப்பாவுக்கு,

உங்களோடு சேர்ந்து சந்தோசப்படத்தான் பார்த்தேன், ஏலவில்லை. உங்கள் வேலை போகவேண்டும் என்றுதான் நான் பூசை கொடுத்தேன்.

அதைச் சுவாமியிடம் வாய் திறந்து சொல்ல வெட்கமாய் இருந்தது. "அவரின்ர வேலை விஷயம், சுவாமி" என்று நிறுத்திவிட்டேன். அவர் என்ன செய்வார், பாவம்? "மேரிசாந்தியின்ர கணவருக்கு வேலை நிலைக்க மன்றாடுவம்" என்றார். கோவில் முழுக்க முழந்தாளில் நின்று உங்களுக்காக மன்றாடியது. நான் ஒருத்திதான் நடுவில் நின்று மற்றப் பக்கம் இழுத்தேன்.

இன்று பூசை முடிய, உங்கள் செய்தி கேட்டு எல்லாரும் வந்து கையைப் பிடித்து, "பாத்தியளே, ஆண்டவர் கேட்டிட்டார்!" என்றார்கள். நானும் ஓம் ஓம் என்று சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து கனநேரம் யோசித்தேன். மூடியிருந்தால் வந்திருப்பீர்கள். போக வேறு இடமில்லாமல் வந்த மனிசனோடுதான் நான் மிச்சக் காலம் இருந்திருப்பேன். அது எனக்கு வேண்டாமப்பா.

நத்தாருக்கு வராதையுங்கோ. விருந்தாளிக்குச் சமைக்க என்னிடம் தெம்பில்லை. இருக்க வருவதென்றால் மட்டும், எந்த நாளும் எந்த நேரமும் வாருங்கள்.

சாந்தி