காலநிலையை மட்டும் எழுது

மாலைதீவு
2023 ஜூலை 9

அன்புள்ள மஸாஹிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மூன்று கடிதங்களும் மாலேயிலுள்ள ஏஜென்சிக் கந்தோர் வழியாக ஒன்றாக வந்து சேர்ந்தன. வாசித்த பிறகு சோறு இறங்கவில்லை. புருசன் கடல் கடந்து வந்து கஷ்டப்படுகிறானே, அவனுக்கு இரண்டு நல்ல வார்த்தை எழுதுவோம் என்று உனக்குத் தோன்றாதா? மூன்றிலும் என் உம்மாவின் கதைதான்: உம்மாவுக்குக் கால் வீக்கம், உம்மா சாப்பிடவில்லை, உம்மா அழுகிறா. வயது போனால் நோகத்தான் செய்யும். நான் போன் நம்பரை மாற்றியதும் உன் ஒப்பாரி தாங்காமல்தான். புது நம்பர் யாருக்கும் தரமாட்டேன்.

இங்கே ஹோட்டல் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்காகத் தினமும் காலையில் அதில் காலநிலை எழுதுவது என் வேலை. இந்தக் கிழமை முழுக்க வானம் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. ஆனால் மழை என்று எழுதினால் மனேஜர் அழித்துவிடுவார். "இடைக்கிடை வெயில்" என்று எழுத வேண்டும். காசு கொடுத்து வந்தவன் முகம் வாடக் கூடாதாம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த மனுசன் சொல்வதுதான் சரி.

ஆகவே இனி நீ எழுதினால் காலநிலையை மட்டும் எழுது. வெயில், காற்று, மழை. வேறு எது இருந்தாலும் வாசிக்காமல் கிழிப்பேன், வல்லாஹி.

இப்படிக்கு,
உன் மச்சான் ஜுனைட்


கல்முனைக்குடி
2023 ஜூலை 26

அன்பு மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நீங்கள் சொன்னபடி காலநிலையில் தொடங்குகிறேன். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. வாசலைக் கூட்டி நிமிர்வதற்குள் மறுபடியும் புழுதி. கிணற்றில் வாளியை விட்டால் பாதி சேறுதான் வருகிறது. சாகாமத்துக் குளம் வெடித்துக் கிடக்கிறதாம். மழைக்கு அறிகுறியே இல்லை.

கிழிப்பதென்றால் இந்த இடத்தில் கிழியுங்கள். இதற்குக் கீழே உங்கள் உம்மா.

டாக்டர் உம்மாவை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். கிட்னி இரண்டும் போய்விட்டதாம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். உம்மா ஆசைப்படுவது உங்களுக்குத்தான். ஒரு மகள் இருந்திருந்தால் மகள் வீட்டில் கிடந்து, மகள் கையால் தண்ணீர் குடித்திருப்பா. உங்களை மட்டும் பெற்றதால் மருமகள் வீட்டில் கிடக்கிறா. எனக்கு அது பாரமில்லை. என் உம்மா இருந்தால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்கிறேன். ஆனால் விடிந்தால் ஒரே கதைதான்: "ஜுனைட்டுக்கு ஒரு போனை எடுகா. அவன்ட குரலக் கேட்டாப் போதும். மறுகா அல்லாஹ் விட்ட வழி."

நம்பர் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? "சிக்னல் இல்ல உம்மா, அங்க பெரிய மழையாம்" என்று சொல்லிவைத்தேன். "என்ட புள்ள நனையிறானோ தெரியா" என்று அதற்கும் அழுதா.

மச்சான், ஒரேயொரு போன். என்னோடு கதைக்க வேண்டாம். போனை உம்மாவின் காதில் வைத்துவிட்டு நான் குசினிக்குள் போய்விடுவேன். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அன்புடன்,
மஸாஹிறா


மாலைதீவு
2023 ஆகஸ்ட் 8

மஸாஹிறாவுக்கு,

ஸலாம். நீ காட்டிய இடத்திலேயே கிழித்தேன். மேல் பாதி நல்ல கடிதம். கீழ்ப் பாதியில் "டாக்டர்" என்ற சொல் கண்ணில் பட்டது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை.

போன வருஷமும் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்றுதானே அழுதாய்? கட்டாரில் நல்ல வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் உம்மா முற்றத்தில் குந்தியிருந்து முருங்கைக்காய் நறுக்குகிறா. "வாப்பா, மெலிஞ்சிட்டியே" என்று சிரிக்க வேறு செய்தா. மாமியும் மருமகளும் சேர்ந்து ஆடிய கூத்தில் என் வேலை போனது. புலி வருது புலி வருது என்று இன்னும் எத்தனை தரம் கத்துவீர்கள்?

இதுதான் கடைசித் தரம் சொல்கிறேன். அடுத்த கடிதத்தில் காலநிலை தவிர ஒரு வரி இருந்தாலும், உன் கையெழுத்துள்ள உறையை நான் திறப்பது அத்தோடு சரி.

ஜுனைட்


கல்முனைக்குடி
2023 ஆகஸ்ட் 20

மச்சானுக்கு,

ஸலாம். காலநிலை மட்டும்.

நேற்று சுபஹுக்குப் பிறகு காற்று நின்றுவிட்டது. ஓர் இலை அசையவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நம் தெரு கொள்ளாத சனம். காரைதீவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்த வாகனங்கள் கிளப்பிய புழுதி பகல் முழுக்க அடங்கவில்லை.

வெயில் தீயாய் எரிந்தது. ஆண்கள் பள்ளி முற்றத்தில் வரிசையாக நின்று தொழுதார்களாம். குனியவுமில்லை, நெற்றியை நிலத்தில் வைக்கவுமில்லை. நாலு தக்பீரோடு ஸலாம் கொடுத்தார்கள் என்று தம்பி வந்து சொன்னான். நிலம் இறுகிப்போய் மண்வெட்டி இறங்கவில்லை. அலவாங்கு கொண்டுவந்து தோண்டினார்கள். தோண்டி மூடிய மண் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஊற்றச் சொல்லி, நம் கிணற்றில் கிடந்த தண்ணீரை ஒரு வாளியில் கொடுத்து அனுப்பினேன்.

இரவு வெக்கை. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மழை இன்னும் தூரம்.

மஸாஹிறா


மாலைதீவு
2023 செப்டெம்பர் 3

என் அன்பு மஸாஹிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதுதான் கடிதம்! இப்படி எழுத இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்? வாசிக்க வாசிக்க நம் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. ஊர் கூடி மழைத் தொழுகை தொழுதது பெரிய விசயம். காரைதீவுத் தமிழ்ச் சனமும் வந்து நின்றது இன்னும் பெரிய விசயம். கிணறு தோண்டவும் தொடங்கிவிட்டார்கள் போல. நீ ஒரு வாளித் தண்ணீர் கொடுத்ததற்கு அல்லாஹ் கூலி தருவான்.

உம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதிலிருந்தே அவ சுகமாக இருக்கிறா என்று விளங்கிக்கொண்டேன். என் மனமும் இளகிவிட்டது. அன்றைக்குக் கோபத்தில் கொஞ்சம் கூடத்தான் எழுதிவிட்டேன். உம்மாவுக்கென்று நல்ல மாசிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன். இடித்துச் சம்பல் போட்டால் இன்னொரு கோப்பை சோறு கேட்பா.

இந்தத் தாளின் பின்பக்கம் என் புது நம்பர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எடுத்து, போனை உம்மாவிடம் கொடு. மகன் மழையில் நனையவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறான் என்று நானே சொல்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் மச்சான்


மாலைதீவு
2023 ஒக்டோபர் 12

மஸாஹிறா,

காரைதீவுத் தங்கராசா நேற்று எங்கள் ஹோட்டல் சமையலுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தான். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மச்சான், உங்கட உம்மாட மையத்து அடக்கத்துக்கு நானும் வந்தனான். மகன் வரல்லையெண்டு சனம் ஒரு மாதிரிக் கதைச்சது" என்றான். "ஆருட உம்மா?" என்று கேட்டேன். அவன் கையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

அறைக்கு வந்து உன் கடிதத்தை விரித்தேன். நாலு தக்பீர், குனியாத தொழுகை. மழைத் தொழுகையில் குனிவார்கள், ஸுஜூதும் உண்டு. மையத்துக்குத்தான் நின்றபடியே தொழுவார்கள். மதரஸாவில் ஓதியவன் நான், எனக்கு இது தெரியாதா? என்னைப் பெற்றவளை மண்ணுக்குள் வைத்ததை நீ எழுதியிருக்கிறாய். நான் கிணறு தோண்டுகிறார்கள் என்று சந்தோசப்பட்டிருக்கிறேன்.

உன்னை ஏச எனக்கு வாயில்லை. ஆனாலும் "உம்மா" என்று ஒரு சொல் எழுதியிருக்கக் கூடாதா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாய்ப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேனே.

எனக்கு ஒன்று மட்டும் சொல். உம்மா என்னைப் பொருந்திக்கொண்டாவா? ஹஜ்ஜுக்குப் போகிறவன் கூட வீடு வீடாகப் போய், "என்னைப் பொருந்திக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போகிறான். பெற்றவளிடம் நான் கேட்கவில்லை. மன்னிக்காமல் போயிருந்தால் நான் என்ன தொழுது என்ன பயன்? உயிர் போகும்போது பக்கத்தில் நீ மட்டும்தான் இருந்தாய் என்று தங்கராசா சொன்னான். கடைசியாக என்ன சொன்னா? கெட்டதென்றாலும் சொல்லிவிடு, தாங்கிக்கொள்கிறேன். நவம்பர் நடுவில் வீட்டுக்கு வருகிறேன்.

ஜுனைட்


கல்முனைக்குடி
2023 நவம்பர் 2

ஜுனைட்டுக்கு,

ஸலாம். மழை பிடித்துவிட்டது. வாடைக்காற்றும் சேர்ந்து அடிக்கிறது. கிணறு வாய் வரைக்கும் நிறைந்து நிற்கிறது. உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போகிற பாதையில் முழங்கால் தண்ணீர். இந்த மாதம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

வீட்டுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டுக்கு? இது என் வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு. இதற்குள் நீங்கள் மாப்பிள்ளையாக வந்தீர்கள். விவாகத்தை முறித்துத் தரச் சொல்லிக் காதியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்றதை அவர் உங்களுக்கு அறிவிப்பார். கல்முனையில் உங்களுக்கு இருந்த இன்னொரு இடம் உம்மாவின் மடிதான்.

கபுறுக்குள் இறக்கும்போது மகனைக் கூப்பிட்டார்களாம். ஒருவரும் வராததால் பக்கத்துத் தெரு ஆட்கள் இறக்கினார்கள். இதையும் தம்பிதான் வந்து சொன்னான்.

கடைசி நேரத்தைக் கேட்டீர்கள். உம்மாவுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. உங்கள் பெயரைச் சொல்லித்தான் கதைத்தா. பொருந்திக்கொண்டாவா, இல்லையா என்பதையும் தன் வாயாலேயே சொன்னா. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, "இத அவனுக்கிட்டச் சொல்லிரு புள்ள, இது அமானிதம்" என்றா.

ஒருவர் நம்பி ஒப்படைத்த அமானிதத்தை மறைத்தால் நாளை மறுமையில் அல்லாஹ் கேட்பான் என்று எனக்கும் தெரியும். கேட்கட்டும், அவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மஸாஹிறா