அடிக்குக் கால் அங்குலம்

ஜூன் 7, 1936. ஞாயிறு.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாவாடைக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் ஜேசுராஜ் பெரியகுளத்திலிருந்து வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் அவர் மகனுடைய பொம்மை ரயில்! சாவி கொடுத்தால் ஓடுமாம். ரயில்வே கேட்காரனாக இருக்கும் என் தம்பி கர்ணன் ஜெயிலுக்குப் போகிற நிலையில் இருக்கிறான், இவர் பொம்மையோடு வந்து நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

விஷயத்தைப் பிறகுதான் சொன்னார். கர்ணனுடைய விசாரணைக்கு மதுரையிலிருந்து ஆபீசர் வருகிறார். ஸ்டேஷன் சரக்கு ஷெட் சிக்னலை மறைத்தது, அதனால்தான் கேட்டை அடைக்கவில்லை என்பது கர்ணன் வாதம். ஆனால் விபத்து நடந்த மறுவாரமே, புதிதாகக் கட்டப்போகிறோம் என்று அந்தத் தகர ஷெட்டைப் பிரித்துவிட்டார்கள். இனி ஆபீசர் வந்து எதைப் பார்ப்பார்?

"சின்னதா செஞ்சு காட்டுவோம் டீச்சர். கேட், ஷெட், சிக்னல், எல்லாம் ஒரு மேசை மேல. குனிஞ்சு பாத்தா மறைக்குதான்னு அவருக்கே தெரியட்டும். உங்களுக்கு அளவு கைவந்த வேலைதானே."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 8.

கர்ணனை உட்கார வைத்து மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொல்கிறான். "காலை ரயில் வர்ற நேரம்க்கா. சூரியன் நேரா மூஞ்சில அடிக்குது. கண்ணு கூசுது. ஷெட்டு அன்னைக்கு மட்டும் உசந்து நின்னுச்சுக்கா. ரயில் வருதுன்னு சிக்னல் கை எறங்குனது தெரியவே இல்ல." மேற்கேயிருந்து மேல்காற்று வேறு. கிழக்கே தேனிப் பக்கமிருந்து வந்த ரயிலின் சத்தமும் அவன் காதுக்கு எட்டவில்லை. திறந்து கிடந்த கேட்டில் பால்பாண்டியின் மாட்டுவண்டி நுழைந்தது, ரயில் மோதிவிட்டது.

அன்றைக்கு மட்டும் ஒரு ஷெட் எப்படி உயரும்? ஸ்டேஷனில் எல்லோரும் சிரிக்கிறார்கள். தூங்கியிருப்பான் என்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் நம்புகிறேனா?

ஜூன் 10.

தச்சர் ஒச்சாண்டி பலகையைக் கொண்டுவந்து போட்டார். வக்கீல் எழுதிக் கொடுத்தபடி ஓர் அடிக்குக் கால் அங்குலம். கேட்டிலிருந்து சிக்னல் கம்பம் வரை எண்பது கஜம், பலகையில் ஐந்தடி. கம்பத்தையும் கேட்காரன் குடிசையையும் அவரே நட்டுவிட்டார். நடுவில் ஷெட் மட்டும் என் பொறுப்பு. அடித்தளக் கல் இன்னும் அங்கே கிடப்பதால் நீள அகலம் கிடைத்துவிட்டது. தகரம் பிரித்த ஆளிடம் கேட்டேன், உச்சி பத்தடி என்றான்.

ஜூன் 13. சனி.

மறைக்கிறது! குடிசை ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சிக்னல் கை துளியும் தெரியவில்லை. அட்டையில் வெட்டி, சாம்பல் நிறம் பூசி, என் கையாலேயே செய்த ஷெட் என் தம்பியைக் காப்பாற்றிவிட்டது. பொம்மை ரயிலைப் பக்கத்தில் நிறுத்தினால் அசல் ஸ்டேஷன் மாதிரியே இருக்கிறது. கர்ணன் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான். வக்கீலுக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14.

இன்று வந்தது யார் என்று நினைக்கிறாய்? மலையம்மாள். செத்துப்போன பால்பாண்டியின் பெண்டாட்டி. தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது போலிருக்கிறது. வாசலில் நின்றே கத்தினாள்.

"ஒன் தம்பி என் தாலிய அறுத்துட்டான். நீ இங்கன பொம்ம செஞ்சு வெளாடுறியாக்கும்?"

உள்ளே வா, பார் என்றேன். நானும் சும்மா இருக்கவில்லை, கொஞ்சம் சூடாகவே சொன்னேன். வந்தாள். பலகையைச் சுற்றி நடந்தாள். முதலில் கேட்டது, "வண்டி எங்க? எங்க வண்டியக் காணோம்?" வண்டியை வைக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பிறகு ஷெட்டைப் பார்த்தாள்.

"ஏத்தா, இம்புட்டு உசரமா இருந்துச்சு? அந்தக் கூர ஓரத்துல நான் நின்ன வாக்குல கையத் தூக்கி ஈரச்சேலையக் காயப் போட்டிருக்கேன். பொய்யி. அம்புட்டும் பொய்யி."

போய்விட்டாள்.

ஜூன் 15.

அவள் சொன்னது சரி. நான் செய்தது தப்பு. முட்டாள்தனமான தப்பு.

பொம்மை ரயிலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஷெட்டுக்குத் தண்டவாளத்திலிருந்து கணக்கு எடுத்தேன். எங்கள் லைனில் தண்டவாள இடைவெளி மூன்றேகால் அடி. பொம்மையில் ஒன்றேகால் அங்குலம். அப்படியானால் அடிக்குக் காலே அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் மூன்று பங்கு, வருகிறது. அதை வைத்து வெட்டினேன். அந்தப் பொம்மை சீமையில் ஓடுகிற அகல ரயிலைப் பார்த்துச் செய்தது, நம் ஊர்ச் சின்ன லைனைப் பார்த்து அல்ல என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்றதெல்லாம் கால் அங்குலத்தில் நிற்க, ஷெட் மட்டும் ஒன்றரைப் பங்கு உயரம். குழந்தைக்கு அம்மாவின் ரவிக்கையைப் போட்டுவிட்டு, அளவாக இருக்கிறது என்று கை தட்டியிருக்கிறேன்.

மூன்றே முக்கால் அங்குல ஷெட்டை எடுத்துவிட்டு இரண்டரை அங்குலத்தில் வேறொன்று வெட்டினேன். வைத்தேன். குனிந்தேன்.

சிக்னல் தெரிகிறது. பளிச்சென்று தெரிகிறது.

ஜூன் 16.

வக்கீல் வந்தார். இரண்டு ஷெட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "பெருசே இருக்கட்டும். ஷெட்டே இல்ல. யாரு அளக்கப் போறா?"

மலையம்மாள் சொல்லுவாளே என்றேன். அவள் பேச்சை எந்த ஆபீசர் கேட்பார் என்றார்.

எனக்கும் அதுதான் ஆசை. மறைக்க ஒன்றுமில்லை. பெரிய ஷெட்டை வைத்தால் கர்ணன் வீட்டில் இருப்பான்; சின்ன ஷெட்டை வைத்தால் ஜெயிலில் இருப்பான். இதில் என்ன யோசிக்க இருக்கிறது? பெரியதையே பலகையில் ஒட்டிவிடலாம் என்று பசை காய்ச்சினேன்.

ஜூன் 17.

நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கர்ணன் சின்ன ஷெட்டை வைத்துப் பார்த்திருக்கிறான். வந்து பார்க்கிறேன், பலகை முன்னால் மண்டி போட்டு, ஜன்னலில் கண்ணை வைத்தபடியே இருக்கிறான். எவ்வளவு நேரமாக இருந்தானோ.

"தெரியுதுக்கா. சிக்னல் தெரியுது. அப்ப நாந்தான் கொன்னுட்டனா?"

இல்லடா இல்லடா என்று இழுத்து எழுப்பினேன். "ஷெட்டு உசந்து நின்னுச்சுன்னு நான் கண்டதெல்லாம் என்னக்கா? எனக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்றான். சோறு வைத்தேன், தொடவில்லை. கிணற்றடிப் பக்கம் போனால்கூடப் பின்னாலேயே போய் நிற்கிறேன். பயமா இருக்கு. இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? பெரிய ஷெட் இவனை ஜெயிலிலிருந்து காப்பாற்றும். இவனிடமிருந்தே காப்பாற்றுமா?

பசையைக் கொட்டிவிட்டேன்.

ஜூன் 18.

சின்ன ஷெட்டை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு மலையம்மாள் வீட்டுக்குப் போனேன். செருப்பால் அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் போனேன். முற்றத்தில் இலவம்பஞ்சு கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. ஷெட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"நீ சொன்னதுதான் சரி மலையம்மா. நான் தப்பா வெட்டிட்டேன். இப்பவாவது அளவு சரியா இருக்கா, பாத்துச் சொல்லு."

கையில் எடுத்தாள். கூரை ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு மெதுவாக, "மூட்ட எங்க?" என்றாள்.

என்ன மூட்டை?

"பஞ்சு மூட்ட. அன்னைக்கு உள்ள எடமில்லைன்னு கிளார்க்கு ஷெட்டுக் கூர மேல போடச் சொன்னாக. எம் புருசன் ஏறி நின்னு அடுக்குனாக. நாந்தான் கீழருந்து தூக்கிக் குடுத்தேன். பஞ்சுதான, கனமா என்ன. ஆள் ஒசரத்துக்குப் பாதி வந்துருச்சு. எறக்கிட்டு வெறும் வண்டியோட முன்னால போனாக. நான் சாக்க மடிச்சுக்கிட்டு நின்னேன்..."

நிறுத்திவிட்டாள். பிறகு சொன்னாள், "அந்த மூட்டையத்தான் எறக்கிப்போட்டு அதுமேல அவுகளப் படுக்க வெச்சாக. எல்லாத்தையும்."

அதனால்தான் யார் நினைவிலும் கூரைமேல் மூட்டை இல்லை. சூரியனுக்கு எதிரே பார்த்த கர்ணனுக்கு அது மூட்டையாகத் தெரியவில்லை, ஷெட் உயர்ந்ததாகத் தெரிந்தது. என் தம்பி பொய் சொல்லவில்லை! அவனுக்குப் புத்தி பிரளவில்லை! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இத்தனை நாளும் அவள் கர்ணனைத் திட்டிய திட்டில் பாதி யாருக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

விசாரணையில் வந்து சொல்வாயா என்று கேட்டேன்.

"எம் புருசனையும் என்னையும் நானே காட்டிக் குடுக்கணுமாக்கும். போ டீச்சரம்மா. போயிரு."

ஜூன் 21.

அவளிடமிருந்து தகவல் ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் கிளார்க் மூட்டையே வைக்கவில்லை என்று சாதிக்கிறாராம். கூரைமேல் சரக்கு வைத்தது தெரிந்தால் அவர் வேலைக்கு ஆபத்து. கர்ணனிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் சுவரோடு சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். "ஆபீசர் நம்பாட்டியும் போகுதுக்கா" என்றான்.

நான் சாக்குத் துண்டில் சின்னச் சின்ன மூட்டைகள் தைக்கிறேன். மூன்றடி மூட்டைக்கு முக்கால் அங்குலம். உள்ளே நிஜப் பஞ்சு. அவள் வராவிட்டால் இவை வெறும் பொம்மைதான். இருந்தாலும் தைக்கிறேன்.

ஜூன் 25. வியாழன்.

விசாரணை. வெயிட்டிங் ரூமில் சின்ன ஷெட்டோடு பலகையை வைத்தோம். ஆபீசர் ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்து அளந்தார்! வக்கீல் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு ஆபீசர் குனிந்து ஜன்னலில் பார்த்தார். "சிக்னல் தெரிகிறதே" என்றார். மூட்டையைப் பற்றி வக்கீல் சொன்னார். கிளார்க் இல்லை என்றார். "சாட்சி உண்டா?"

கர்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலில் கூட்டம் விலகியது. மலையம்மாள். யாரையும் பார்க்காமல் நேரே மேசைக்கு வந்தாள். என் மடியிலிருந்த மூட்டைகளை வாங்கினாள். ஒவ்வொன்றாகக் கூரைமேல் அடுக்கினாள்.

"இப்பிடித்தான் இருந்துச்சு. எம் புருசன் அடுக்குனாக. தூக்கிக் குடுத்தது நானு."

ஆபீசர் மறுபடி குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

ஜூலை 11.

உத்தரவு வந்துவிட்டது. கர்ணன் மேல் குற்றம் இல்லை. கிளார்க்கை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2. ஞாயிறு.

கர்ணன் வேலைக்குப் போகிறான். சிக்னலை இனி நம்புவதில்லையாம். ரயில் நேரம் வந்தால் தண்டவாளத்திலேயே போய் நின்று பார்க்கிறானாம். சாப்பாடு கொண்டுபோனால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பொம்மை ரயில் வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டது. பலகை என் வீட்டு மூலையில். சாயங்காலம் மலையம்மாள் வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பலகை முன்னால் உட்கார்ந்தாள். நான் தைத்த மூட்டைகள் அப்படியே கூரைமேல் இருந்தன.

ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். குனிந்து ஜன்னலில் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். மறுபடி குனிந்தாள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். கடைசி மூட்டையையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் பார்த்தாள்.

"இப்பத் தெரியுது" என்றாள்.