மேடையிலிருந்து எடுத்து வந்த படம்

ஞாயிறு, இரவு

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இன்று என் மனைவி தேவிக்கு இரங்கல் கூட்டம். மேடையில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்து அழுதார். "தேவி நம்ம தோட்டத்துக்கே தாய் மாதிரி. அவங்க சேவைக்கு நான் எப்பவும் பக்கபலமா இருந்தேன்" என்றார்.

பொய். வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க அந்த மண்டபத்தைக் கேட்டு எத்தனை முறை அவர் வாசலில் நின்றாள்! "கண்டதுக்கெல்லாம் ஹால் தர முடியாது லா" என்று கதவைச் சாத்தினார். அதனால் எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டுப் பார்த்தாள். ஊருக்கே பார்த்தவள், போன மாதம் தேநீர் கலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் மேடையேறிப் படத்தை எடுத்தேன்.

"என்ன அண்ணே இது, எல்லாரும் பாக்குறாங்க லா" என்றார் தலைவர்.

"பாக்கட்டும். உயிரோட இருந்தப்ப உள்ள விடல. இப்ப படம் மட்டும் எதுக்கு உள்ள?"

பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா வாசல்வரை பின்னால் வந்தார். "நாங்களும் அன்னிக்கு வாயத் தொறக்கலையே தம்பி" என்று அழுதார். "ஆமா, தொறக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தேவி இருந்திருந்தால், "பாவம், கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றிருப்பாள். நானும் முனகிக்கொண்டே போயிருப்பேன். அப்படிச் சொல்ல இப்போது அவள் இல்லை. போக மாட்டேன்.