கல்லைப் பற்றாத வேர்

என் கணவருக்கு,

ஞாயிற்றுக்கிழமை போன்சாய் கண்காட்சியில், அந்த வேர்கள் பசையால் ஒட்டப்பட்டவை என்று நான் நடுவரிடம் சொல்லவில்லை.

இச்சிச் செடியின் வேர்களைக் கல்லின்மேல் படரவிட்டு, பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றி, மண்ணில் புதைத்தவள் நான். மூன்று வருடம் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பதினோராவது மாதமே பிரித்துவிட்டீர்கள். மெலிந்த வேர்கள் கல்லைப் பற்றாமல் விலகி நின்றதும், அறுந்த செருப்பை ஒட்டுவதுபோல் பசை போட்டு ஒட்டினீர்கள்.

“ரொம்பப் பொறுமை சார் உங்களுக்கு” என்றார் நடுவர்.

“மூணு வருஷ உழைப்பு மேடம். இவளுக்குத் தண்ணி ஊத்தற டிபார்ட்மெண்ட் மட்டும்தான்” என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக மட்டும் வெட்கப்படுகிறேன்.

பரிசுக்காகப் பொய் சொல்பவர்களை எனக்குப் புரியும். ஆனால் திரும்பும்போது, ஆட்டோ தேவராஜ மொஹல்லா கடைத்தெரு நெரிசலில் நின்றிருக்க, நீங்கள் என்னிடமே அந்த மூன்று வருட உழைப்பை விவரித்துக்கொண்டு வந்தீர்கள். ஏமாற்ற வேண்டிய ஆள் யார் என்பதுகூட உங்களுக்கு நினைவில்லை. உங்கள்மேல் கோபப்படலாம் என்று முயன்றேன். அந்த அளவுக்கு நீங்கள் தேறவில்லை.

“மாடியில இதே மாதிரி இன்னொரு தொட்டி இருக்கில்ல? அடுத்த மாசம் பெங்களூரு ஷோவுக்கு அதையும் பிரிச்சிடலாம்” என்றீர்கள்.

பரிசு வாங்கிய மரம் புதன்கிழமை இலைகளையெல்லாம் உதிர்த்தது. வியாழன் காலை நீங்கள் ஆபீஸ் போனதும், பிரிக்காத தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹனூர் பஸ்ஸில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி