முதலாளியம்மாவும் முன் அறையும்

பண்டாரவளை
12.3.1979

அன்பு மகன் ஹுமைதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், இனி முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன். என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். குவைத் வெயில் உன்னை வாட்டாமல் அல்லாஹ் காப்பானாக.

உன் உம்மாவின் தையலுக்கு நம் புடவைக் கடையின் முன் அறையைக் கொடுக்கச் சொல்லி நீ எழுதி மூன்று வாரம். தையல் கடை அனுமதிக்கான நகரசபைப் படிவத்தை அவளே நிரப்பி, கட்டட உரிமையாளர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு என் மேசையில் வைத்திருக்கிறாள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் மாட்டேன் என்றாவது சொல்லியிருப்பேன். நீ அவளுக்குத் தையல் மெஷின் அனுப்பினாய், எனக்குக் கைக்கடிகாரம். ஆள் வராத கடையில் உட்கார்ந்து நேரம் பார்க்கத்தானே? எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி, கிடைத்த வாத்தியார் வேலையை என் வாப்பாவின் பேச்சுக்காக உதறிவிட்டு இருபத்திரண்டு வருஷம் இங்கே கிடந்தவன் நான். உன் உம்மா ஸுலைஹா படித்தது நாலாம் வகுப்பு.

போன ஞாயிறு சந்தைக்கு வந்த நமுனுகுல தேயிலைத் தோட்டத்து வேலாயி, கொழுந்து எடுக்கிறவள், முன்பெல்லாம் என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அண்ணன் முறை வைத்து, “நானா, முதலாளியம்மா இருக்காங்களா?” என்கிறாள். பதிலுக்கும் நிற்காமல் பின் சந்தால், அடுப்புக்குப் பக்கத்தில் உம்மா மெஷின் வைத்துத் தைக்கிற குசினிக்குப் போய்விட்டாள். கூட வந்தவள் நான் யார் என்று கேட்க, “அவங்க வீட்டுக்காரரு, பாவம், நல்ல மனுசன்” என்றாளாம். பாவமாம்!

அப்படி என்னதான் செய்கிறாள் என்று, தேத்தண்ணி கேட்கிற சாட்டில் குசினித் திரைக்கு இந்தப்புறம் நின்று காது கொடுத்தேன். “நேரா நிக்காத புள்ள, கூடை முதுகுல கிடக்கிற மாதிரிக் குனிஞ்சு ரெண்டு கையாலயும் கொழுந்து கிள்ளு” என்று சொல்லி உம்மா அளவெடுக்கிறாள். “அப்ப கங்காணியும் வேணுமே, நானாவக் கூப்பிடுங்கம்மா, சும்மாதானே இருக்காரு” என்றாள் வேலாயி. எல்லோரும் சிரித்தார்கள். உன் உம்மாவின் சிரிப்பும் அதில் கேட்டது மகன்.

கை நீட்டினால் இழுக்கும் இடத்தில், அக்குளுக்குக் கீழே, ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்கிறாள். அதனால் அவள் தைக்கும் ரவிக்கை கிழிவதில்லை. தோட்டத்துப் பெண்களுக்கு நான் விற்ற கொழும்பு ரவிக்கைகள் அதே இடத்தில் கிழிந்து திரும்பி வந்தபோது, உங்களுக்கு உடுத்தத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவள் ஏன் கிழிந்தது என்று கேட்டிருக்கிறாள். அவர்களும் ஒரு பெண்ணிடம் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். அவள் சாமர்த்தியம் அவ்வளவுதான். இதை நான் சொன்னேன் என்று அவளுக்கு எழுதிவிடாதே.

இப்போது எதிர்க்கடை பலீல் தன் கடைக்குப் பக்கத்து அறையைத் தருகிறேன் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். அங்கே கூடுகிற கூட்டத்தை இங்கிருந்து நாள் முழுக்க நான் பார்க்க வேண்டுமா? என் வாசலிலேயே கூடட்டும். காலையில் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவள் கத்தரிக்கோலுக்குக் கீழே வைத்துவிட்டேன். அவள் இன்னும் பார்க்கவில்லை. நல்ல வாப்பா என்று புகழ்ந்து எழுதாதே, எனக்கு ஆத்திரம்தான் வரும்.

தொழுகையை விடாதே, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. உன் சம்பாத்தியத்தில், உன் ரிஸ்கில், அல்லாஹ் பரக்கத் செய்து பெருக்குவானாக. இதற்குக் கீழே என் பெயரை எழுத வேண்டும். இன்று ஒரு கையெழுத்துப் போட்டதே இன்னும் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. இன்னொன்று என்னால் முடியாது, இதை இப்படியே தபாலில் போடுகிறேன்.